தைலம்மாள் எம்டனை விரட்டவில்லை

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே, ஒரு படகு தரையில் நிற்கிறது. செங்கல் மேடையின் மேல், தகரக் கூரைக்கு அடியில், மூக்கை முகத்துவாரத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பெயர் தைலம்மாள்.

படகுக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைக் கப்பலில் அனுப்பிய ஒரு வியாபாரி, கடலில் தள்ளி நிற்கும் கப்பல்களுக்குப் போய்வர இந்த மோட்டார் படகைக் கட்டினார். தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு சண்டை வந்தது. வெள்ளைக்காரர்களின் கடற்படை படகை எடுத்துக்கொண்டது. தைலம்மாள் என்ற பெயரின் மேல் சாம்பல் நிறப் பெயிண்டை அடித்து, முன்பக்கம் ஒரு பெரிய துப்பாக்கியைப் பொருத்தி, கரையோரக் காவலுக்கு அனுப்பியது. சண்டை முடிந்ததும் துப்பாக்கியை மட்டும் கழற்றிக்கொண்டு படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதுவரை ஊரில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். இதற்கு மேல்தான் சிலம்பரசன் வருகிறார்.

சிலம்பரசன் ஐஸ் கம்பெனி முதலாளி. துறைமுகச் சாலை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாமா. படகுக்குத் தகரக் கூரை போட்டவரும் அவர்தான். மைக் கையில் கிடைத்தால் போதும், எம்டன் கதையை ஆரம்பித்துவிடுவார். சென்னையில் குண்டு போட்டுவிட்டுத் தெற்கே வந்த எம்டன் என்ற ஜெர்மன் கப்பலை, கடலூருக்கு நேரே மறித்து விரட்டியது நம்ம தைலம்மாள்தான் என்பார். கதை வருஷத்துக்கு வருஷம் வளரும். போன வருஷம் எம்டன் பயந்து ஓடியது. இந்த வருஷம் அதன் புகைபோக்கி ஒன்று உடைந்தும் விட்டது.

ஆயுத பூஜை அன்று ஐஸ் கம்பெனிக்காரர்கள் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, நேராகத் தைலம்மாளிடம் வருவார்கள். படகின் உள்ளே, முன்பக்கக் கட்டையில், நாலு எழுத்துகள் செதுக்கியிருக்கும். அவை என்ன எழுத்துகள் என்று யாருக்கும் தெரியாது. கடற்படைக்காரர்கள் எழுதிய ரகசிய மந்திரம் என்றும், அதைக் கண்டுதான் எம்டன் நடுங்கியது என்றும் சிலம்பரசன் சொல்லியிருந்தார். அதனால் மாலையும் சந்தனமும் குங்குமமும் அந்த நாலு எழுத்துகளுக்குத்தான்.

இந்த வருஷம் குங்குமத் தட்டு இசைவாணியின் கையில் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. முதல் எழுத்துக்குப் பொட்டு வைத்தாள். இரண்டாவதற்கும் வைத்தாள். மூன்றாவதில் அவள் விரல் நின்றுவிட்டது.

அவை எழுத்துகளே அல்ல. போன மாதம் வகுப்பில் படித்த தமிழ் எண்கள்.

௧௯௩௮.

"மாமா, இது மந்திரம் இல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. படகு கட்டுன வருஷம்" என்றாள்.

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவளோடு படிக்கும் ஸ்ரீதருக்கு மட்டும் கேட்டது. அவன் உடனே தன் அம்மாவின் கைபேசியை வாங்கி எம்டனைத் தேடினான். எம்டன் சென்னைக்கு வந்தது 1914இல், முதல் உலகப்போரில். தைலம்மாள் கடலில் இறங்குவதற்கு இருபத்துநாலு வருஷம் முன்னால்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே போய் விரட்டியிருக்கு பாரேன். அதான் மந்திரம்" என்றான் ஸ்ரீதர்.

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வரும் வெள்ளிக்கிழமை அந்தக் கதையை மேடையில் சொல்லப்போகிறவள் அவள்தான்.

விஷயம் இதுதான். மீன் லாரிகள் திரும்ப இடம் போதவில்லை என்று துறைமுக அலுவலகம் செங்கல் மேடையை இடிக்க நினைத்தது. மேடை போனால் படகை வைக்க வேறு இடமில்லை. தேக்குக் கட்டைக்கு விலை பேச ஓர் ஆள் ஏற்கனவே வந்து படகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மேடையை இடிக்க வேண்டாம் என்று சங்கம் மனு கொடுத்தது. முடிவு செய்ய அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். அவர் முன்னால் ஒரு குழந்தை பேசினால் மனசு இளகும் என்று சிலம்பரசன் கணக்குப் போட்டார். பள்ளியில் கணீரென்ற குரல் யாருக்கு என்று கேட்டார். எல்லாரும் இசைவாணியைக் காட்டினார்கள்.

அவள் இதற்குமுன் மேடை ஏறியதில்லை. தேர்ந்தெடுத்த அன்று சோறுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சிலம்பரசன் எழுதித் தந்த பேச்சை மனப்பாடம் செய்து, குளிக்கும்போதெல்லாம் பேசிப் பார்த்திருந்தாள். 'எம்டனின் புகைபோக்கி தூள்தூளானது' என்ற இடத்தில் கையை எப்படி ஆட்ட வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஐஸ் கம்பெனிக்குப் போனாள். வருஷக் கணக்கை எடுத்துச் சொன்னாள். சிலம்பரசன் கேட்டார். இரண்டு தடவை மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு, அது ரிப்பேர் செய்த வருஷமாக இருக்கும் என்றார். எம்டனே இரண்டாவது தடவை வந்திருக்கலாம் என்றார். அந்த 1914லேயே அதை அடித்து நொறுக்கிவிட்டார்களாமே என்று அவள் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பாப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். எம்டன எடுத்துட்டா இந்தப் படகு என்னா பண்ணுச்சின்னு சொல்லுவ?"

அவள் எதிரே நின்ற படகைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? ரெண்டாவது சண்டையில இங்க ஒரு கப்பலும் வரல, ஒரு குண்டும் வுழல. சும்மா போயி சும்மா வந்த படகுக்கு யாரு எடம் குடுப்பாங்க? எம்டன் இருந்தா வீரப்படகு. இல்லாட்டி வெறவு. நீயே முடிவு பண்ணிக்க."

முடியாவிட்டால் ஸ்ரீதரைப் பேசச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார். அதுதான் அவளைப் படுத்தியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பவானி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குடிகாட்டுக்குப் பக்கத்தில், சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் அவளுக்குக் காவல் வேலை. நீலச் சட்டை, தொப்பி, விசில். பாதி நாள் பகல் டூட்டி, பாதி நாள் இரவு டூட்டி. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும்.

இசைவாணி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவானி காலை வெந்நீரில் வைத்தபடி கேட்டாள். பொய் சொல்லாதே என்றோ, பெரியவர்கள் பேச்சைக் கேள் என்றோ அவள் சொல்லவில்லை. மேடையில் நிற்கப்போவது நீ, உன் வாயிலிருந்து எது வந்தால் உனக்கு அன்றைக்குத் தூக்கம் வருமோ அதைச் சொல் என்றாள். சொல்லிவிட்டு அவள் தூங்கிவிட்டாள்.

இசைவாணி தூங்கும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறிய கால்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒருநாள் வகுப்பில் ஒரு பையன், 'உங்கம்மா இதுவரைக்கும் எத்தனை திருடனப் புடிச்சிருக்காங்க?' என்று கேட்டான். ஒருத்தரையும் இல்லை என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது.  அதற்கு ஏதோ ஒரு பதில் இருக்கிறது, அது தன் கைக்கு எட்டவில்லை என்று மட்டும் அப்போது அவளுக்குத் தோன்றியது. இன்று சிலம்பரசன் மாமா 'சும்மா போயி சும்மா வந்த படகு' என்றபோதும் அதேபோலத் தோன்றியது.

படகு என்ன செய்தது என்று படகிடமே கேட்டால் என்ன?

அவள் ஸ்ரீதரை இழுத்துக்கொண்டு தைலம்மாள்மேல் ஏறினாள்.

தினம் ஏறி விளையாடும் படகுதான். ஆனால் விளையாட ஏறும்போது யாரும் படகைப் பார்ப்பதில்லை. இருவரும் முழங்காலில் நகர்ந்து, பலகை பலகையாகப் பார்த்தார்கள். துப்பாக்கி நின்ற இடத்தில் ஒரு இரும்பு வளையம் மட்டும் இருந்தது. அதைச் சுற்றித் தேக்குப் பலகை வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இங்கே யாரும் அதிகம் நிற்கவே இல்லை போலிருக்கிறது என்றான் ஸ்ரீதர்.

இடதுபக்கம், முன்னால், கைப்பிடி ஓரமாக வந்தபோது இசைவாணியின் உள்ளங்கையில் ஏதோ நிரடியது. குனிந்து ஊதினாள். தூசி பறந்தது. பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் பிறை நிலா மாதிரி வளைந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, அம்மியைக் கொத்தியது போல, எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அப்படி இரண்டு திட்டுகள், பக்கத்துப் பக்கத்தில்.

"கரையான்" என்றான் ஸ்ரீதர்.

"கரையான் பிறை மாதிரியா அரிக்கும்?"

"அப்ப மரங்கொத்தி."

"ரெண்டு மரங்கொத்தி பக்கத்துல பக்கத்துல உக்காந்து கொத்துச்சாக்கும்."

ஸ்ரீதர் இன்னும் ஒரு தடவை பார்த்தான். அவன் முகம் மாறியது. படகிலிருந்து குதித்து ஓடினான். திரும்பி வந்தபோது அவன் கையில் அண்ணனின் பூட்ஸ் ஒன்று இருந்தது. அண்ணன் என்.சி.சி.யில் இருந்தான். அணிவகுப்பில் டக்கென்று சத்தம் வர, பூட்ஸின் குதிகாலில் பிறை மாதிரி ஒரு இரும்பு லாடம் அடித்திருந்தது. அந்த லாடம் வீட்டுப் புது டைல்ஸைக் கீறியதற்காக அண்ணன் வாங்கிய திட்டு தெருவுக்கே தெரியும்.

பூட்ஸைப் பள்ளத்தின் மேல் வைத்தார்கள். லாடமும் பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்தின.

இசைவாணி மெதுவாக எழுந்தாள். மல்லாட்டை மூட்டை தூக்கியவர்கள் வெறுங்காலோடு நடந்தவர்கள். பூட்ஸ் போட்டு இந்தப் படகில் நின்றவர் கடற்படைக்காரர் மட்டும்தான். அவர் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. இங்கே நின்றார். கால் வலிக்கும்போது குதிகாலை மாற்றி மாற்றி ஊன்றினார். அலையில் படகு ஆடும்போது அழுத்தி ஊன்றினார். மறுநாளும் வந்து இதே இடத்தில் நின்றார். தேக்குப் பலகை குழியும் வரை நின்றார்.

அவள் அந்தத் திட்டுகளின் மேல் தன் இரண்டு கால்களையும் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்துவாரம் முழுதும் தெரிந்தது.

"மாமாகிட்ட சொல்லிடலாமா?" என்று ஸ்ரீதர் கேட்டான்.

சொன்னால் அவர் பேச்சை மாற்றிவிடுவார், உன்னை மேடை ஏற்றுவார் என்றாள் அவள். அவன் கொஞ்சம் யோசித்தான். தனக்கு அன்று தொண்டை கட்டிக்கொள்ளும் என்று உறுதி சொன்னான்.

வெள்ளிக்கிழமை மாலை ஷாமியானா போட்டிருந்தார்கள். அதிகாரி ஜெயராணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிரிக்காத முகம். மடியில் சங்கம் கொடுத்த மனு. அவருக்கு யாரோ கொடுத்த குளிர்பானம் திறக்காமலே இருந்தது. சிலம்பரசன் வரவேற்புரையில் எம்டனுக்கு இன்னொரு புகைபோக்கியையும் உடைத்தார். பிறகு மைக்கை இசைவாணியின் உயரத்துக்கு இறக்கி, தைரியமாகப் பேசு என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

 மனப்பாடம் செய்த பேச்சு தானாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் கைதட்டு நிச்சயம். அவள் அதை விழுங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். தைலம்மாள் எம்டனை விரட்டவில்லை" என்றாள்.

 எதிரே ஐஸ் உடைக்கும் இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சிலம்பரசன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவள் எண்களைப் பற்றிச் சொன்னாள். எம்டன் வந்த வருஷத்தைச் சொன்னாள். தைலம்மாள் போனது இரண்டாவது சண்டைக்கு என்று சொன்னாள். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. இத்தனை வருஷமாக ஒரு வருஷ எண்ணுக்கா பொட்டு வைத்தோம் என்று ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள்.

அதிகாரி கையை உயர்த்தினார். "அப்ப இந்தப் படகு என்னம்மா செஞ்சது?"

"காவல் காத்துச்சி மேடம்."

"யாரையாவது புடிச்சதா?"

"இல்ல."

"சுட்டதா?"

"சுட்ட மாதிரி தெரியல. யாருமே வரல."

இப்போது முன்வரிசையிலும் சிரித்தார்கள். வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. இசைவாணியின் காது சூடானது. ஆனால் இந்தத் தடவை பதில் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் மைக்கை இறுகப் பிடித்தாள்.

"எங்கம்மா சிப்காட்ல கேட் காவலுக்கு நிக்கறாங்க. ஒரு திருடனக்கூடப் புடிச்சதில்ல. அதுக்காக அவுங்க வேல செய்யலன்னு அர்த்தமா? யாரும் வரலன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். அன்னிக்கு நின்னவருக்கு அது தெரியாது. எந்த ராத்திரி வேணா வரலாம்னு நெனச்சிக்கிட்டுதான் தெனமும் நின்னாரு. ஊரு பூரா தூங்குச்சி. நீங்க சிரிக்கறதுன்னா சிரிச்சிக்கங்க. நான் எம்டன் கதைய சொல்ல மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவரு நின்ன எடம் அங்க இருக்கு மேடம். வந்து பாருங்க."

அதிகாரி எழுந்தார். நாற்காலிகளுக்கு இடையே நடந்து, செங்கல் மேடையருகே செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். ஸ்ரீதர் பூட்ஸோடு தயாராக நின்றான். தொண்டை கட்டியவன் என்பதை மறந்து, லாடத்தைப் பற்றி விலாவாரியாக விளக்கினான். அதிகாரி குனிந்து பள்ளங்களைத் தடவினார். பிறகு அவற்றின் மேல் நின்றார். ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து சிலம்பரசனிடம் பேசினார். அவருடைய மனுவைப் படித்த அன்றே எம்டன் கதை பொய் என்று தெரிந்துவிட்டதாம். பொய்யைக் காட்டி இடம் கேட்கிறார்கள் என்று கோபம் வந்ததாம். மேடையை இடிக்க உத்தரவு கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாராம்.

சிலம்பரசன் தலை குனிந்து நின்றார். இசைவாணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மழையில நனையாம கூரை போட்டது மாமாதான் மேடம். கூரை இல்லன்னா அந்தப் பள்ளமெல்லாம் எப்பவோ மக்கிப் போயிருக்கும்" என்றாள்.

அதிகாரி கூரையை நிமிர்ந்து பார்த்தார். சிலம்பரசனைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் லேசாக இளகியது. லாரிகளுக்கான திருப்பத்தை மீன் ஏலக்கூடத்துப் பக்கம் தள்ளிப் போட இடமிருக்கிறது என்றும், அப்படியே எழுதிவிடுவதாகவும் சொன்னார். குளிர்பானத்தை ஸ்ரீதரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் சிலம்பரசன் ஷாமியானாவுக்கு வந்து, காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். படகுக்கு முன்னால் ஒரு பலகை வைக்கப்போவதாகச் சொன்னார். அதில் என்ன எழுதலாம் என்று யோசித்தார். நடந்ததை எழுதலாம் என்றாள் இசைவாணி.

"எழுதலாம். எழுதலாம்" என்று பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாப்பா, ஒரே ஒரு புகைபோக்கி?"

"ஒண்ணுகூடக் கெடையாது மாமா."

பேருந்திலிருந்து இறங்கி பவானி வேகமாக வந்தாள். நீலச் சட்டையோடு, தொப்பியைக் கையில் பிடித்திருந்தாள். மாற்று ஆள் வர நேரமாகிவிட்டதாம். மேடை காலியாக இருந்ததைப் பார்த்து அவள் முகம் வாடியது. மகளைத் தேடிக் கூப்பிட்டாள். மேலேயிருந்து குரல் வந்தது. இசைவாணி தைலம்மாளின் முன்பக்கம், அந்தப் பள்ளங்களின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாடி ஆச்சி? என்னா சொன்னாங்க?"

"இங்கயே நிக்கட்டும்னு சொல்லிட்டாங்கம்மா."

பவானி செங்கல் மேடைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினாள். எதற்கு என்று இசைவாணி கேட்டாள்.

"நகரு. நானும் பாக்கறேன்" என்றாள் அம்மா.